தலைமடைக்காரி

…இதுவும் அவளுடைய தங்கம்தானே, கழற்றினால் என்ன, போட்டிருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே கனிமொழி தாலிச் சங்கிலியைத் தலைவழியாக உருவினாள், அது கொண்டை ஊசியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பூமிகா நீலப் பிளாஸ்டிக் தட்டை நீட்டியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் பத்துப் பேர் தாலி கழற்றுவதைப் பார்க்கிற பெண், அந்த நேரத்தில் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று பழகியிருக்கிறாள். மஞ்சக் கயிறு வேணுமாம்மா, டிராயர்ல வச்சிருக்கோம், எல்லாரும் அதைக் கட்டிக்கிட்டுத்தான் உள்ள வருவாங்க என்றாள். வேணாம்மா, அரை மணி நேரந்தானே என்றாள் கனிமொழி. பூமிகா ஒரு விநாடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்ப மெட்டியையும் கொண்டை ஊசியையும் கழட்டிடுங்க, மெஷின் இழுக்கும் என்றாள். மெட்டி வரவில்லை, விரல் பருத்துவிட்டது, சோப்பு நீர் போட்டுத் திருகித் திருகி எடுத்தபோது விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், வெயில் படாமல் முப்பத்தாறு வருஷம் கிடந்த தோல். கயிறு வேண்டாம் என்று ஏன் சொன்னாள்? நோயாளி கணவர், ஸ்கேன் எடுக்கப் போகிற நேரம், கழுத்தை மூளியாக வைத்துக்கொண்டு உள்ளே போகிறவள் உண்டா? ஊரில் யாராவது பார்த்தால்… பார்க்கட்டும். கல்யாணப் பேச்சில் மாமியார் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது, புதுசா எதுக்கு, இருக்கறத அழிச்சுப் பண்ணிக்கலாம். இருக்கறது என்றால் அக்கா ஜெயபாரதியின் கழுத்தில் இருந்து எடுத்தது. கும்பகோணத்து ஆசாரி அதை உருக்கி வேறு உருவில் அடித்துக் கொடுத்தார், உருக்கிவிட்டால் தங்கத்துக்கு ஞாபகம் இருக்காது என்றார் சிரித்துக்கொண்டே. தையில் அக்கா பாரதி போனாள், வைகாசியில் கனிமொழி போனாள், பாரதி சுடுகாட்டுக்கு, கனிமொழி பாரதியின் வீட்டுக்கு. ஒன்றரை வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது, சொந்தச் சித்தியை விட வேறு யார் பார்ப்பாள் என்று நாலு பேர் சொன்னார்கள், நாலு பேருக்கும் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள், முடிந்தது.

வீரையன் நாற்காலியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பாரதி என்றார். கனிமொழி திரும்பினாள், திரும்பியதற்கு அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது, ஒன்றரை வருஷமாக அந்தப் பேருக்குத் திரும்பித் திரும்பிக் கழுத்துக்கே பழகிவிட்டது. ஆரம்பத்தில் நான் கனி, கனி என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னால் மிரண்டுபோய்ச் சுவரோடு ஒண்டுவார், தட்டைத் தள்ளுவார், மாத்திரையைத் துப்புவார். பாரதி என்று ஒத்துக்கொண்டால் வாயைத் திறப்பார். அதனால் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது பாரதிக்கு என்னவெல்லாம் கிடைத்திருக்கிறது என்று. வேர்க்கடலையை உடைத்து, தோலை ஊதி, பருப்பை மட்டும் இவள் உள்ளங்கையில் வைப்பார். கால் வலிக்குதா பாரதி, உக்காரு, அடுப்பை நான் பாத்துக்கறேன் என்பார். அடுப்பை! முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் அடுப்பங்கரை நிலைப்படியைத் தாண்டியதில்லை, கனிமொழிக்கு டைஃபாய்டு வந்து பதினோரு நாள் கிடந்தபோதும் தாண்டவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. கல்நெஞ்சு, சில ஆம்பளைங்க அப்படித்தான் என்று நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியிருந்தாள். கல்நெஞ்சாகவே இருந்திருக்கலாம், கஷ்டமே இல்லை. அப்படி இல்லை, உள்ளே எல்லாம் இருந்திருக்கிறது, வேறொருத்தி பேரில் பட்டா போட்டு வைத்திருந்திருக்கிறார். செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கு இருபத்துநாலு வயது, எப்போதும் இருபத்துநாலு வயதுதான், மூட்டு வலி வராது, பல் விழாது. கனிமொழி கேட்டது ஒன்றே ஒன்று, சாமியிடம் கூட அதைத்தான் கேட்டாள், குணமாக வேண்டாம், அது ஆகாது என்று தெரியும், மொத்தமாகப் போவதற்குள் ஒரே ஒரு தடவை என் மூஞ்சியைப் பார்த்து என் பேரைச் சொல்லட்டும்.

உள்ளே குளிராக இருந்தது. படுங்க, தலையை இதுல வைங்க என்றாள் பூமிகா, தலைக்கு மேல் ஒரு கூண்டு வந்து மூடியது, வீரையன் இரண்டு கையாலும் அதைப் பிடுங்கப் போனார், அதற்காகத்தான் கனிமொழியை உள்ளே உட்காரச் சொன்னதே, மயக்க ஊசி போட இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் இருக்கேன், பாரதி இருக்கேன் என்றாள், வெட்கமில்லாமல் சொன்னாள், பூமிகா காதில் விழுந்திருக்கும், உள்ளே வரும்போது காகிதத்தில் கனிமொழி என்று கையெழுத்துப் போட்டவள்தானே. அவர் அடங்கினார். மேடை நகர்ந்து அவரை விழுங்கியது, கால் மட்டும் வெளியே. கனிமொழி ஸ்டூலில் உட்கார்ந்து வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். சேற்றிலும் தண்ணீரிலும் ஊறின பாதம், லஸ்கர் வேலை, பாபநாசத்துக்குக் கிழக்கே குடமுருட்டியிலிருந்து பிரிகிற வாய்க்கால்களுக்கு மதகு திறந்து மூடுகிற வேலை, முப்பத்தோரு வருஷம். எந்த ஊருக்கு எத்தனை நாள் தண்ணீர், யார் முறை, யார் திருட்டுத்தனமாகப் பலகையைத் தூக்குவான், எல்லாம் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையைத்தான் இப்போது படம் எடுக்கிறார்கள். டக் டக் டக் என்று ஆரம்பித்தது, பிறகு வயல் மோட்டாரில் காற்று ஏறின மாதிரி ஒரு கதறல்.

இந்த ஸ்கேனுக்குப் போன வாரம் எழுதிக் கொடுத்த டாக்டர் அறிவுமதிக்குச் சின்ன வயது. லஸ்கராக இருந்தவர் என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார், அப்ப ஈஸியா சொல்லலாம்மா என்றார். அல்சைமர்னா மூளை செல்லு சாகறது மட்டும்னு நெனைக்கிறாங்க, ரத்தக்குழாயும் கூடவே கெடுது, செல்லுக்கு வெளிய படியற அதே புரதம் குழாய்ச் சுவருக்குள்ளயும் படியும், சுவர் விறைச்சிடும், தேவைக்குத் தக்கன சுருங்கி விரியற வேலை போயிடும், மெல்லிசு மெல்லிசான குழாய்ல ஓட்டமே கொறைஞ்சிடும், வண்டல் ஏறின வாய்க்கால் மாதிரின்னு வச்சுக்கங்க. கழிவை வெளிய தள்ற வழியும் அந்தக் குழாயை ஒட்டித்தான் போகுது, ஆக வாய்க்காலும் அடைக்குது, வடிகாலும் அடைக்குது. இன்னொண்ணு, ரத்தத்துல இருக்கறதெல்லாம் மூளைக்குள்ள போயிடக் கூடாதுன்னு குழாய்ச் சுவர்லயே ஒரு காவல் இருக்கு, எதை விடணும் எதைத் தடுக்கணும்னு, அதுவும் தளர்ந்துடும். சில எடத்துல சுவர் பொத்துக்கிட்டு ஊசிமுனை அளவுக்கு ரத்தம் கசியும், படத்துல கருப்பு கருப்பாப் புள்ளி தெரியும், ஐயா நெஞ்சு வலிக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாருல்ல, புள்ளி நெறைய இருந்தா அந்த மாத்திரையை நிறுத்தறதான்னு யோசிக்கணும், அதுக்குத்தான் இந்த ஸ்கேன். எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். வண்டல் என்றால் பொக்லைன் விட்டு வாரலாமே டாக்டர் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டது வேறு. எது சார் மொதல்ல போகும்? டாக்டர் பேனாவை மூடினார். பொதுவா கிட்டத்துல நடந்தது மொதல்ல மறக்கும்மா, பழசு கடைசி வரைக்கும் நிக்கும்.

அப்போதே புரிந்துவிட்டது, தண்ணீர் ஊரில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் தலைமடைக்காரன் வயல் கடைசி வரை பச்சையாக இருக்கும், மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறவன், கசிவிலேயே பயிர் பண்ணிவிடுவான். வெடிப்பது கடைமடை. பாரதி தலைமடைக்காரி. முதலில் வந்தாள், முதல் தண்ணீர் அவளுக்கு, ஆறு வருஷம் பாய்ந்ததை வைத்துக்கொண்டு இன்னும் பச்சையாக நிற்கிறாள். கனிமொழி முப்பத்தாறு வருஷம்… ஆறு எங்கே, முப்பத்தாறு எங்கே, ஆனால் கடைசியில் வந்தவள், அதனால் முதலில் காய்கிறவள். இதில் யார் மேல் தப்பு? புரதம் மேலா? புரதத்துக்கு இவள் மேல் என்ன பகை? பிள்ளை ராஜசேகர் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான், சித்தி, அப்பா எப்படி இருக்காரு என்பான், நல்ல பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது, போன முறை வந்தபோது, பாவம் சித்தி, அப்பா இன்னும் அம்மாவை நெனச்சுக்கிட்டு இருக்காருல்ல என்று கண் கலங்கினான். இவள் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். பாவம் சித்தி என்பது சித்தி பாவம் என்ற அர்த்தத்தில் இல்லை, அது அவளுக்குப் புரிந்தது. அந்தக் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள், அவன் அப்படியே குடித்தான். நடு மூளையில் எங்கேயோ ஒரு குழாய் பொத்துக்கொள்ளட்டும், பாரதி இருக்கிற இடத்தில் பொத்துக்கொள்ளட்டும் என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்தாள்தான். ரத்தம் உறையாத மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் கொடுத்தால் கசியும், கொடுக்காவிட்டால் நெஞ்சடைக்கும், கசிந்தால் எந்த இடத்தில் கசியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள், பிறகு கொடுத்தாள், தினமும் கொடுப்பதுதானே. அக்காவை இரண்டாம் தடவை சாகடிக்கப் பார்த்தவள் என்று எந்தப் படத்தில் தெரியும்?

இயந்திரம் ஒரு சத்தத்தை நிறுத்தி வேறு சத்தம் எடுத்தது. பாதம் துடித்தது, அழுத்திப் பிடித்தாள். சுண்டுவிரலில் பழைய வெட்டு, மதகுச் சட்டம் விழுந்தது, அது கல்யாணத்துக்கு முன்னால்… அவள் கல்யாணத்துக்கு முன்னால், அவர் கல்யாணத்துக்குப் பின்னால். அப்போது அவள் தஞ்சாவூரில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வருவாள். அத்தான் என்று கூப்பிடுவாள் அவரை. அத்தான் கேஜ் நோட்டை எடுத்துக்கொண்டு வருவார், ஆற்றில் காலை மாலை எத்தனை அடி தண்ணீர், மதகை எத்தனை சுற்று தூக்கினால் எத்தனை கன அடி போகும் என்று எழுதி ஆபீசுக்கு அனுப்புகிற நோட்டு. படிப்பு எட்டாவது, கூட்டல் வரும், பெருக்கல் வராது. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, டீச்சரம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க, பெரம்பால அடிச்சிடாதீங்க என்பார். தப்பைச் சுழித்துக் காட்டினால், அட ஆமா என்று தலையில் தட்டிக்கொள்வார். கல்யாணம் ஆன மறு வருஷம் நோட்டு அலமாரி மேலே திறந்து கிடந்தது, ஓரிடத்தில் பெருக்கல் தப்பாக இருந்தது, இவள் பழைய ஞாபகத்தில் பென்சிலால் சுழித்து வைத்தாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நோட்டு அதன்பிறகு பூட்டின பெட்டிக்குள் போனது. மச்சினிச்சி தப்பைத் திருத்தலாம், பெண்டாட்டி திருத்தக் கூடாது, அப்படி ஒரு சட்டம் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பரீட்சை அவள் எழுதவில்லை. ஹால் டிக்கெட் வந்தது, கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், எங்கே வைத்தார்கள் என்று தெரியாது, அவளும் தேடவில்லை.

சத்தம் நின்றது. காது குப்பென்று அடைத்தது. மேடை வெளியே வந்தது, பூமிகா கூண்டை எடுத்துவிட்டு, சூப்பர் ஐயா, அசையாம இருந்தீங்க, ரிப்போர்ட் நாளைக்குச் சாயங்காலம் தருவோம்மா என்றாள். வீரையன் எழுந்து உட்கார்ந்தார், கண்ணைச் சிமிட்டினார், தலைமுடி கலைந்து சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். கனிமொழியின் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், வெறுங்கழுத்தில் கொஞ்ச நேரம் நின்றது பார்வை, கால் விரலைப் பார்த்தார், மறுபடி முகம். புருவம் ஏறியது. கனி? என்றார். அட, கனியா! நீ எப்ப வந்த? அவள் மேடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், ஜில்லென்று இருந்தது. ஒன்றரை வருஷம் சாமியிடம் கேட்டது. சொல்லிவிட்டார், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இப்பதான் வந்தேன் என்றாள். அவர் கதவைப் பார்த்தார். அக்கா வரலயா? எங்க அவ? …அப்படியா சங்கதி என்று நினைத்தாள். அப்படித்தான் என்றால் இது என்ன பேர் சொன்னது? தாலி இல்லாத கழுத்தைப் பார்த்து, மெட்டி இல்லாத காலைப் பார்த்து, கல்யாணம் ஆகாத பெண் என்று நினைத்துச் சொன்ன பேர். வருவா அத்தான் என்றாள். அத்தான் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அவளே திடுக்கிட்டாள், முப்பத்தாறு வருஷமாக அது என்னங்க ஆகிவிட்டிருந்தது. அவர் கன்னத்தில் சிரிப்பு விரிந்தது. டீச்சரம்மாவுக்குப் பரீட்சை எப்ப? வைகாசியிலயா? நல்லா எழுதணும், என்ன? வெளியே பூமிகா தட்டை நீட்டினாள், எடுத்துப் போட்டுக்கங்கம்மா. கனிமொழி சங்கிலியையும் மெட்டியையும் அள்ளிக் கைக்குட்டையில் முடிந்தாள். பூமிகா இந்தத் தடவை சுவரைப் பார்க்க மறந்துவிட்டாள்.

நௌஷாத்தின் கார், ராஜகிரிப் பையன், பையன் என்றாலும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு எப்போதும் அவன் காரில்தான் வருவது. ஐயா இன்னைக்கு ஜம்முனு இருக்காரும்மா, மெஷின்ல போட்டுத் தட்டி எடுத்துட்டாங்களா என்றான் கண்ணாடியில் பார்த்து. வீரையன் சிரித்தார், புரிந்தா புரியாமலா, யாருக்குத் தெரியும். பள்ளியக்கிரகாரம் தாண்டி வெண்ணாற்றுப் பாலம் வந்தது, குறுவை அறுப்பு இயந்திரம் ஒன்று பாலத்தின் மேலேயே ஊர்ந்ததால் கார் நின்றது. அவர் ஜன்னலில் முகத்தை வைத்துத் தண்ணீரைப் பார்த்தார். முடிச்சு கனிமொழியின் மடியில் இருந்தது. போட்டுக்கொள்ள வேண்டும், ஊருக்குள் போவதற்குள் போட்டுக்கொண்டே ஆக வேண்டும், தெருவில் கார் நின்றதும் எத்தனை கண்கள் கழுத்துக்கு வரும்… போட்டதும் என்ன ஆகும்? திரும்பவும் பாரதி ஆகிவிடுவாள். அந்தத் தங்கம் பாரதியை ஞாபகம் வைத்திருக்கிறது, ஆசாரி சொன்னது பொய். நாலரை அடி போகுது, கனி, எழுதிக்க என்றார் வீரையன். அவள் கையில் ஸ்கேன் சென்டர் ரசீது இருந்தது, பேனா இல்லை, விரலால் எழுதுகிற மாதிரி செய்தாள், எழுதிட்டேன் அத்தான். அவர் குனிந்து அவள் காதுப்பக்கம் வந்தார். அக்காகிட்ட சொல்லிடாத, நான் உங்கிட்டக் கேட்டு எழுதறேன்னு, அவளுக்குத் தெரிஞ்சா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. நீ பெரிய படிப்புக்காரின்னு ஏற்கெனவே ஒரு பொறாமை அவளுக்கு.

கார் நகர்ந்துவிட்டது. பசுபதிகோயில், அய்யம்பேட்டை, சாலையோரம் நெல் காயப் போட்டிருந்தார்கள், நௌஷாத் அதன் ஓரமாகவே ஓட்டினான். பொறாமையா? பாரதிக்கா? என் மேலா? கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றாளா அவள்? முப்பத்தாறு வருஷம் அவளைப் பார்த்து வயிறெரிந்ததற்கு உடனே கொஞ்சம் இனித்தது, வெட்கமில்லாமல் இனித்தது, ஒரு கிலோமீட்டர் தூரம் இனித்திருக்கும். பிறகு நின்றுவிட்டது. அக்காவுக்குத் தெரியக் கூடாது என்றால் பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது என்றுதானே. மாடு பிடித்துக்கொண்டு கொல்லையில் நிற்கிறவள் யார், அவளும்தானே, முப்பத்தாறு வருஷம் நின்றவள் அவள்தானே. உள்ளே உட்கார்ந்து நோட்டைத் திருத்துகிறவள் பரீட்சை எழுதப் போகிற ஒரு பெண், கழுத்தில் ஒன்றும் இல்லாதவள், அவளிடம் இந்த மனுஷன் கேட்கிறார், கெஞ்சுகிறார், தலையில் தட்டிக்கொள்கிறார், அவளையும் கடைசி வரை நனைத்து வைத்திருக்கிறார், தலைமடையில், பாரதிக்குப் பக்கத்து வயலில். அவள் எங்கே போனாள்? அவளை என்ன செய்தார்கள்? பாரதியாவது காமாலையில் செத்தாள், தெரியும், சாம்பலைக் காவிரியில் கரைத்தது தெரியும்… அந்தப் பெண்ணை நினைக்க நினைக்க கனிமொழிக்கு அடிவயிற்றில் அதே எரிச்சல், இடம் கூட மாறவில்லை, ஆள் மட்டும் மாறியிருந்தது.

பாபநாசம் வந்துடுச்சும்மா, தெருவுக்குள்ளயே போயிடட்டுமா என்றான் நௌஷாத். போப்பா என்றாள். முடிச்சை அவிழ்த்தாள். சங்கிலி உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது, கொக்கியை விரல் தேடிக்கொண்டது. இவர் அந்தப் பக்கம் பார்க்கட்டும், வாய்க்கால் வரும், வாய்க்காலைக் கண்டால் திரும்பாமல் இருக்கமாட்டார், அப்போது சட்டென்று போட்டுக்கொள்ளலாம். வாய்க்கால் வந்தது, மதகு வந்தது, முப்பத்தோரு வருஷம் அவர் திறந்து மூடின மதகு, தண்ணீர் முட்டிக்கொண்டு போனது. வீரையன் திரும்பவில்லை. கனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.